மழையில் பார்க்காத மனை

"மேலோகத்துல எடம் வாங்குறதுக்கு யாராவது முன்கூட்டியே பணம் கட்டுவாங்களாம்மா? அது பாட்டுக்குத் தானா கிடைக்கப்போகுது" என்றார் லிஃப்ட்காரர், முகமெல்லாம் சோப்பு நுரையோடு.

"உங்களுக்குக் கிடைக்கும்னு யார் சொன்னது? நீங்க ரிப்பேர் பாத்த லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்க எல்லாம் முன்னாடியே போய் வாசல்ல நிப்பாங்க. உங்களை உள்ள விட்டாத்தானே?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பெரியவள் சொன்னாள். தலை நரைத்தும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். தங்கை சின்னவள் என்பதால் இவள் பெரியவள். திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. நாளெல்லாம் துணியை மடித்து மடித்து நாடா வைத்துத் தைத்து, சாயங்காலம் மூன்று மாடி ஏறி வரும்போது கால் இரண்டும் யாருடையதோ போலிருக்கும். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வாழ்நாளெல்லாம் லிஃப்ட் பழுதுபார்த்த அவள் கணவர் ஓய்வு பெற்றுக் குடியிருக்க வந்த இடம் அப்படி.

கடையில் பழசென்று கழித்துவிட்ட கணினி சாப்பாட்டு மேசையில் இருந்தது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பெரியவள் அதில், இணையத்தில் இருக்கும் அந்த விளையாட்டு உலகத்துக்குள் நுழைவாள். கடல்தாண்டி இருக்கும் சின்னவளுக்கு அப்போது சாயங்காலம். இரண்டு பேரும் காதில் மாட்டிக்கொண்டு பேசுவார்கள். அங்கே அவர்களுக்கு உருவங்கள் உண்டு. சின்னவளுடையது நீளப் பின்னல் போட்ட பெண். பெரியவளுக்கு உருவம் மாற்றத் தெரியவில்லை. முதல் நாள் கொடுத்த, நீலச் சட்டை போட்ட ஒல்லிப் பெண்ணாகவே நடமாடினாள். முட்டி வலியால் குளியலறைக்குப் போகவே நடுவில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து போகும் சின்னவள், அங்கே ஓடினாள். தான் அங்கே கட்டியிருந்த வீட்டின் வாசலுக்கும் தோட்டத்துக்கும் ஓடி ஓடிக் காட்டினாள்.

அப்படி ஓடிய ஒரு நாளில்தான் சொன்னாள்.

"அக்கா, பக்கத்து மனையை விலைக்குப் போட்டுட்டாங்க. இனிமே எவன் வரப்போறானோ தெரியல."

"எந்தப் பக்கம்டி?"

"இந்தப் பக்கம்தான். என் சமையலறை ஜன்னல் பக்கம்."

பெரியவளின் நெஞ்சில் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது.

"உனக்குத் தனியா ஒரு மனை எதுக்கு? என் வீட்டு மாடி சும்மாதானே கிடக்கு? உன் பேரைச் சேத்துடுறேன். நீயும் வந்து இரு" என்றாள் சின்னவள், அக்காவின் மனதைப் படித்தவள் போல.

"பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' எங்கிருந்து வந்தது என்பது லிஃப்ட்காரருக்குத் தெரியும். ஒரு காலத்தில் அவர்களும் சொந்தமாக ஒரு வீடு வாங்கினார்கள். தரைத்தளம். நல்ல வெயில் காலத்தில் போய்ப் பார்த்தார்கள், தரை பளிங்காக இருந்தது. முதல் மழைக்குத் தண்ணீர் உள்ளே வந்தது. செருப்புகள் கூடத்தில் மிதந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. சுவர் ஊறி, கட்டில் ஊறி, கடைசியில் வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டு, அதே ஊரில் அப்போது இருந்த சின்னவள் வீட்டுக்குப் போய் நின்றார்கள். சில வாரம் என்று போனது இரண்டு வருஷம் இழுத்தது. ஒரு நாள் கூடத்தில் சின்னவளின் கணவர் யாரிடமும் சொல்லாதது போலச் சொன்னார்: "கதவைச் சாத்திட்டு, நம்ம வீட்டுல நாமளா ஒரு நாள் உக்காரணும்போல இருக்கு."

சமையலறையில் நின்றிருந்த பெரியவளுக்கு அது கேட்டது. அந்த வார இறுதியிலேயே இந்த மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டார்கள். அதன்பின் தங்கை வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் உடனே கிளம்பிவிடுவாள். பிறகு சின்னவள் குடும்பம் வெளிநாடு போய்விட்டது.

அதனால்தான் மாடி வேண்டாம். பக்கத்து மனை வேண்டும். தன் கதவைத் தானே திறந்து, "வா, உள்ள வா" என்று தங்கையைக் கூப்பிட வேண்டும். அதற்காகவே வீட்டில் தையல் மெஷினுக்கு மேல் கூடுதல் விளக்கு போட்டு, வெளித் தையலும் எடுத்துச் சேர்த்திருந்தாள். சின்னவளுக்குச் சொல்லாமல் வாங்கி, ஒரு நாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து அவளைத் திடுக்கிட வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

"வாங்குறதுன்னா வாங்கு. ஆனா ஒண்ணு" என்றார் லிஃப்ட்காரர்.

"தெரியும். மழையில நின்னு பாக்கணும்."

"ஆமா. ஒரு தடவை ஏமாந்தது போதும்."

இதில் இருவருக்கும் இரண்டு கருத்து கிடையாது. வாடகை வீட்டைக்கூட அவர்கள் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்துத்தான் எடுத்தார்கள். வீட்டுக்காரர் இவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். அந்த உலகத்திலும் மழை உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். சின்னவள் ஒருமுறை அனுப்பிய படத்தில் அவள் தோட்டத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அதனால் காத்திருந்தார்கள். பெரியவள் காலையில் சீக்கிரம் எழுந்து, தங்கை வருவதற்குள் காலி மனையில் போய் நிற்பாள். லிஃப்ட்காரர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்.

"மேகம் கட்டியிருக்கா?"

"ஒரு மேகம் இருக்குங்க. நேத்தும் அதே மேகம்தான் இருந்துச்சு."

"கறுப்பா?"

"வெள்ளையா, பஞ்சு மாதிரி."

"அது பெய்யாது. தரை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாரு."

"எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாத்தான் இருக்கு."

"அப்படித்தான் அன்னைக்கும் சொன்னான் புரோக்கர்."

இப்படியே நாள் போனது. கடையில் திரைச்சீலைகளுக்கு இஸ்திரி போடும் பெண் ஒருத்தி உண்டு. வாயாடி. அவளிடம் பெரியவள் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"ஏம்மா, உன் அக்கா பையன் அந்த உலகத்துல சுத்துறான்னு சொல்லுவியே. அங்க மழைக்காலம் எப்ப?"

இஸ்திரிக்காரி நீராவிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினாள். "என்னக்கா கேக்குறீங்க?"

"மழைக்காலம்."

"அங்க மழை தானா பெய்யாதுக்கா. கடையில விக்கிறாங்க. வாங்கிட்டு வந்து மனையில வெச்சு அமுக்கினா கொட்டும். நிறுத்தணும்னா மறுபடி அமுக்கணும்."

"விளையாடாத."

"பனிகூட விக்கிறாங்க. சாயங்கால வெயில்னு தனியா ஒண்ணு இருக்கு, அதுதான் விலை அதிகம்." சொல்லிவிட்டு அவள் பெரியவளின் முகத்தைப் பார்த்தாள். "எதுக்குக்கா? துணி காயப்போடப் போறீங்களா?"

கடை முழுக்கச் சிரித்தது. பெரியவளும் சிரித்தாள். கை பாட்டுக்கு மடிப்பை விட்டுவிட்டுத் தைத்திருந்ததால், அந்தத் திரையை மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை மழைக்குக் காத்திராமல் வாங்கிவிடுவது என்று உள்ளே போனாள். மனை இருந்த இடத்தில் ஒரு கோபுரம் நின்றது.

கோயில் கோபுரமல்ல, விளம்பரக் கோபுரம். கண்ணாடி மாளிகை மாதிரி மேலே மேலே போனது. நாலு பக்கமும் பெரிய பலகைகள் சுழன்றன. தலைமுடி உதிராமலிருக்க ஒன்று, உடனடிக் கடனுக்கு ஒன்று, பல் வெள்ளையாக ஒன்று. சின்னவளின் சமையலறை ஜன்னலை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு வாய் சிரித்தது.

"என்னங்க, இங்க வாங்களேன்."

லிஃப்ட்காரர் வந்து பார்த்தார். பிறகு, "உள்ள போ. கதவு திறந்துதான் இருக்கு" என்றார்.

உள்ளே ஒரு கூடம். ஒரு சாமான் கிடையாது. நடுவில் லிஃப்ட் கதவு மாதிரி ஒன்று.

"கிட்ட போ. இன்னும் கிட்ட. பாத்தியா, கதவு சேருற எடத்துல ரப்பர் இல்ல. பொத்தான் இல்ல. கயிறு போக வழியே இல்ல. இது வெறும் படம்மா. இத்தனை மாடி கட்டி லிஃப்ட்டைப் படமா வரைஞ்சு வெச்சிருக்கான் பாவி."

"எனக்கு இப்ப லிஃப்ட்டா முக்கியம்?"

"சரி சரி. எழுதிக் கேளு. விக்கிறானான்னு கேளு."

கோபுரக்காரனுக்குப் பெயர் கிடையாது. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வால்தான் இருந்தது. பெரியவள் மரியாதையாக எழுதினாள். ஐயா, என் தங்கை பக்கத்து வீட்டில் இருக்கிறாள் என்று தொடங்கி எல்லாம் எழுதினாள். பதில் ஒரே வரியில் ஒரு விலையாக வந்தது. அந்த விலைக்கு இந்த மூன்றாவது மாடியையே வாங்கி, லிஃப்ட்டும் வைத்துவிடலாம். கொஞ்சம் குறைத்துக்கொள்ளக்கூடாதா என்று எழுதினாள். அதற்கு அப்புறம் பதிலே இல்லை.

உதவி மையத்தில் முறையிட்டுப் பார்த்தாள்.

"'உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியமானது'ன்னு போட்டிருக்குங்க."

"பரவாயில்லையே, நல்ல மனுஷன்."

"மூணாவது தடவையா அதையேதான் போடுது."

"மனுஷன் இல்லையா அது?"

"'உங்கள் பிரச்சினை தீர்ந்ததா, ஆம் அல்லது இல்லை'ன்னு கேக்குது. இல்லைன்னு போட்டேன். 'நன்றி, மகிழ்ச்சியான நாளாக அமையட்டும்'னுட்டு மூடிக்கிச்சு."

சின்னவளும் அன்று புலம்பினாள். "எவனோ வந்து என் ஜன்னலை அடைச்சுட்டான்க்கா. விக்கப் போட்டு எவ்வளவு நாளா சும்மாதானே கிடந்துச்சு அந்த மனை. ஒரு நல்ல ஆள் வாங்கியிருக்கக் கூடாதா?"

பெரியவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எல்லாம் மழைக்குக் காத்திருந்திருப்பாங்க" என்றாள்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. நீ மாத்திரை போட்டியா?"

கோபுரத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு மனை காலியாக இருந்தது. தங்கை வீட்டுக்கும் அதற்கும் நடுவில் கோபுரம். ஜன்னலுக்கு ஜன்னல் இனி கிடையாது. ஆனாலும் ஒரே தெரு. இந்தத் தடவை யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லை.

வாங்குவது என்று முடிவு செய்தால் மட்டும் போதுமா? மனை வாங்க மேல்நிலை உறுப்பினராக வேண்டும் என்றது. ஆனாள். ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம் என்றது. அது எப்போதோ தொலைந்துபோன போனின் எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. எண்ணை மாற்ற வேண்டுமானால் பழைய எண்ணுக்கு வரும் ரகசிய எண்ணைச் சொல்லு என்றது.

"இது எப்படி இருக்கு தெரியுமா? லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவனைப் பாத்து, வெளிய வந்து மனு குடுத்தா கதவைத் திறக்குறோம்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றார் லிஃப்ட்காரர்.

பேசிப் பேசி, எழுதி எழுதி, ஒரு வழியாக எண் மாறியது. பிறகு வங்கி அட்டையில் உள்ள பெயரும் உறுப்பினர் பெயரும் ஒன்றாக இல்லை என்றது. அட்டை லிஃப்ட்காரர் பெயரில் இருந்தது. கடைசியில் மனையும் அவர் பெயரிலேயே பதிவானது.

"பாத்தியா, மேலோகத்துல எனக்கு எடம் கிடைச்சிடுச்சு" என்றார்.

பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு களைப்பு. கடையில் யாரோ "மனை வாங்கியாச்சாக்கா?" என்று கேட்டதற்கு, "ஆச்சு ஆச்சு" என்று கையை மட்டும் ஆட்டினாள், ஈ ஓட்டுகிறவளைப் போல.

மனையோடு இலவசமாக ஒரு சின்ன வீடு வந்தது. ஒரு கதவு, ஒரு ஜன்னல். அமைப்புகள் என்று திறந்தால் கேள்வி மேல் கேள்வி. 'அனுமதி இல்லாதவர்களைத் தடுக்கவா?' என்று ஒரு இடத்தில் கேட்டது. கோபுரக்காரன் மாதிரி ஆளெல்லாம் உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது? ஆம் என்று அமுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியவள் தலை சீவிக்கொண்டு மேசை முன் உட்கார்ந்தாள். அங்கே தெரியப்போவது நீலச் சட்டைப் பெண்தான், ஆனாலும் சீவிக்கொண்டாள்.

"ஏய், கோபுரத்தைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் வா."

"எதுக்குக்கா?"

"வாடின்னா வா."

பின்னல் போட்ட பெண் ஓடி வருவது தெரிந்தது. சின்ன வீட்டின் வாசலில் நீலச் சட்டைக்காரி நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அக்கா! இது யார் வீடு?"

"என் வீடு. உள்ள வா."

வாழ்நாளில் இந்த நாலு வார்த்தையைச் சொல்வதற்கு எவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள் என்பது, சொன்ன பிறகுதான் பெரியவளுக்கே தெரிந்தது.

சின்னவள் ஓடி வந்தாள். வேலியே இல்லாத இடத்தில் எதிலோ முட்டியது போல நின்றாள். அவள் முகத்துக்கு நேராகச் சிவப்பாக ஒரு வரி ஓடியது. 'நீங்கள் இங்கே நுழைய அனுமதி இல்லை.' அவள் பின்னால் போய் மறுபடி வந்தாள். மறுபடி சிவப்பு.

"அக்கா, விட மாட்டேங்குது."

"இரு, இரு, நான் என்னமோ அமுக்கிட்டேன். எங்கன்னு பாக்குறேன்."

"பழிக்குப் பழியாக்கா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் பெரியவளின் கை மவுஸின் மேல் அப்படியே இருந்தது. அவள் முகத்தைப் பார்த்த லிஃப்ட்காரர் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவர் போலச் சமையலறைக்குள் போய்விட்டார்.

அமைப்புகளில் அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்து 'இல்லை' என்று போட்டாள். மாற்றம் நடைமுறைக்கு வர ஒரு நாள் ஆகும் என்றது.

"ஒரு நாள் ஆகுமாம்டி." மவுஸைத் தள்ளிவைத்தாள். "உன்னை உள்ள கூப்பிடத்தான்டி இத்தனையும். நாய் படாத பாடு பட்டு வாங்கினேன். கடைசியில நானே உன்னை வாசல்ல நிறுத்திட்டேன்."

"விடுக்கா. கோபுரத்துக்குள்ள போலாம் வா. அது திறந்துதானே கிடக்கு?"

சின்னவள் அந்தப் பக்கக் கதவால் நுழைந்தாள். பெரியவள் இந்தப் பக்கக் கதவால் நுழைந்தாள். காலிக் கூடத்தில் சின்னவள் தன் பையிலிருந்து இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டாள். படமாக வரைந்த லிஃப்ட்டுக்கு எதிரே இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"அன்னைக்குக் கூடத்துல அவர் சொன்னது எனக்கும் கேட்டுச்சுக்கா" என்றாள் சின்னவள்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீ சட்டுனு குழாயைத் திறந்துவிட்டே. கழுவ ஒரு பாத்திரம்கூட இல்ல. நான்தான் எல்லாத்தையும் கழுவிக் கவுத்துட்டேனே."

"உனக்குக் கேக்கக்கூடாதுன்னுதான் திறந்தேன்."

"குழாய்ச் சத்தத்துலதான் முழுசாப் புரிஞ்சுது."

சின்னவள் மூச்சு விடுவது காதில் கேட்டது. "அவர் நல்லவர்தான்க்கா. வீடு சின்னது."

"நான் இல்லைன்னா சொன்னேன்? நானும் அவர் எடத்துல இருந்திருந்தா சொல்லியிருப்பேன். மனசுக்குள்ளயாவது."

"அப்புறம் ஏன் நீ வந்ததும் கிளம்பிடுவே?"

"என்னத்தைச் சொல்ல. வந்தா உக்காரணும். உக்காந்தா எப்ப எந்திரிக்கிறதுன்னு நெனப்பு வரும். அந்த நெனப்போட எப்படி உக்காருறது?"

"இங்க?"

பெரியவள் சுற்றிலும் பார்த்தாள். வெளியே பலகை சுழன்றது. தலைமுடி, கடன், பல். "இது உன் வீடும் இல்ல, என் வீடும் இல்ல. எவனோ ஒருத்தன் வீடு. எனக்கென்ன?"

சமையலறையிலிருந்து லிஃப்ட்காரர் திரும்பி வந்து செருமிக்கொண்டு, பெரியவளின் ஒரு காதுக் கருவியை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார்.

"அத்தானா?" என்றாள் சின்னவள். "அத்தான், அக்கா மனையில மழை பெய்யவிடவா? என்கிட்ட ஒண்ணு இருக்கு. நீங்க மழையைப் பாக்காம எடம் வாங்க மாட்டீங்களே, எப்படி வாங்கினீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"பெய்யவிடும்மா, பாத்துடுவோம்" என்றார்.

சின்னவள் எழுந்து போய், அக்கா மனையின் எல்லைக்கு வெளியே நின்றே எதையோ வைத்து அமுக்கினாள். அது தெருவுக்கும் மனைக்கும் சேர்த்துக் கொட்டியது. லிஃப்ட்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு நெருங்கி வந்தார். மழை சின்ன வீட்டின் கூரைக்குள் புகுந்து, தரைக்குள் புகுந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் போனது.

"தேங்குதா?" என்று காதில் கேட்டாள் சின்னவள், திரும்ப வந்து உட்கார்ந்தபடி.

"தேங்கல. தண்ணி நிக்கவே இல்ல. நல்ல எடம்" என்றார் அவர். பிறகு, தனக்குள் பேசுவது போல, "இப்படி ஒரு எடம் கீழ கிடைச்சிருக்கக் கூடாதா" என்று சொல்லிவிட்டு நாளிதழை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள். முட்டிக்கு எண்ணெய் மாற்றியது, இஸ்திரிக்காரி செய்த கேலி, மழைக்குக் காத்திருந்த கதை. அதைக் கேட்டுச் சின்னவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "நேரா என்கிட்ட கேட்டிருக்கலாமே, பைத்தியம்" என்றாள்.

அப்போது திரையின் அடியில் ஒரு வரி வந்தது. 'இங்கே பொருட்களை விட்டுச்செல்ல உரிமையாளர் அனுமதிக்கவில்லை. உங்கள் பொருட்கள் திருப்பி அனுப்பப்பட்டன.' இரண்டு நாற்காலியும் மறைந்தன. ஆனால் உருவங்கள் எழுந்திருக்கவில்லை. பின்னல்காரியும் நீலச் சட்டைக்காரியும் வெறும் காற்றில், முழங்கால் மடக்கி, உட்கார்ந்தபடியே இருந்தார்கள்.

"நாற்காலி போயிடுச்சுக்கா."

"தெரியுது."

"எந்திரிக்கணுமா?"

"வேணாம், இரு" என்றாள் பெரியவள். "எனக்குக் கால் வலிக்குது."